பெருங்களத்தூரிலிருந்து அண்ணா நகருக்கு, காலைக் கூட்டத்தில், இரண்டு பிள்ளைகளுடன்

கேள்வி சுருக்கமாக: வீடு பெருங்களத்தூரில். கோடை விடுமுறை முடியும்வரை, வேலை நாட்களில் 6 வயதுப் பையனையும் இரண்டரை வயதுப் பெண்ணையும் அண்ணா நகர் டவர் பார்க் அருகே பாட்டி வீட்டில் காலை 9 மணிக்குள் விட வேண்டும். மாலை 5.30-க்கு மேல் கூட்டிவர வேண்டும். பெரும்பாலும் அம்மா ஒருவர்தான் உடன் வருவார். கால் டாக்ஸியா, பஸ்ஸா, ரயிலா?

ரயிலும் மெட்ரோவும்தான். ஆனால் மேப் காட்டுகிற மாதிரி வேண்டாம்.

பெருங்களத்தூரில் லோக்கல் ஏறி, பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ மாறுங்கள் என்று மேப் சொல்லும். தனி ஆளுக்கு அது நல்ல வழி. பிள்ளைகளோடு போகிறவர் அதில் ஒன்றை மாற்ற வேண்டும்: பெருங்களத்தூரில் ஏறாமல் தாம்பரம் போய், அங்கிருந்தே புறப்படுகிற வண்டியில் ஏறுங்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் எல்லாம் நிரப்பிக்கொண்டுதான் பெருங்களத்தூருக்கு வரும். ஏழு மணிக்கு முன்னால் என்றால் சமாளிக்கலாம். ஏழரைக்கு மேல், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அந்த வாசலில் ஏறுவது கூடாத காரியம். தாம்பரத்தில் புறப்படும் வண்டி காலியாக நிற்கும். இரண்டு நிமிடம் பொறுத்து ஏறினாலும் உட்கார இடம் கிடைக்கும்.

பரங்கிமலையிலும் இதே வசதி உண்டு. பச்சை வழித்தட மெட்ரோவுக்கு ஒரு முனை பரங்கிமலை, இன்னொரு முனை சென்ட்ரல். பரங்கிமலையில் வண்டி காலியாகத்தான் கிளம்பும். அடுத்த நிலையமான ஆலந்தூரில் நீல வழித்தடத்திலிருந்து மாறுகிறவர்கள் வந்து அப்பும்போது நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பீர்கள். ஆக, இந்தப் பயணத்தில் இரண்டு வண்டியும் புறப்படுகிற இடத்திலேயே ஏறுகிறீர்கள். தாம்பரம் போவதற்கு ஆகும் கூடுதல் கால் மணி நேரம் முழுக்க இதற்காகத்தான்.

பெருங்களத்தூரில் லோக்கல் ஏறி ஒரே நிலையம் தள்ளி தாம்பரத்தில் இறங்கி மாறினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். பிள்ளைகளோடு போகும்போது ஆபத்து ஏறுகிற, இறங்குகிற நொடிகளில்தான் இருக்கிறது. ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதனால் ஏறி இறங்கும் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிற எந்த யோசனையையும் சந்தேகத்தோடு பாருங்கள். தாம்பரம் சுமார் 4 கி.மீ. தான், ஆட்டோவில் போய்விடுங்கள். கணவர் பைக்கில் கொண்டுவிடலாம் என்றால், ஓட்டுநர், பின்னால் ஒருவர் என்பதுதான் சட்டம். நான்கு பேர் போக வழியில்லை. பையனை மட்டும் அப்பா பைக்கில் அழைத்துவந்தாலும் அவனுக்குத் தலைக்கவசம் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கட்டாயம். 9 மாதத்திலிருந்து 4 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், அதன் தலைக்கேற்ற கவசம் இரண்டும் வேண்டும், வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி.

நேரக் கணக்கு இப்படி வரும். 7.05-க்கு ஆட்டோ. 7.25-க்குத் தாம்பரம் நிலைய வாசல். படி, பாலம், நடைமேடை தேடுவது எல்லாம் சேர்த்து 7.40 வாக்கில் வண்டி. பரங்கிமலைக்கு சுமார் 20 நிமிடம், 8 மணி. அங்கே மாறுவதற்கு மேப் 5 நிமிடம் காட்டினால் நீங்கள் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை நடையில் தானே இறங்கி நடப்பேன் என்று அடம்பிடிக்கும் நேரமும் அதில் அடக்கம். 8.20-க்கு மெட்ரோ. ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, அரும்பாக்கம், சி.எம்.பி.டி., கோயம்பேடு, திருமங்கலம் தாண்டி ஒன்பதாவது நிலையம் அண்ணா நகர் டவர். சுமார் 25 நிமிடம். 8.45-க்கு மேலே வந்துவிடலாம். ஒரு லோக்கலையும் ஒரு மெட்ரோவையும் தவறவிட்டாலும் 9 மணிக்கு எட்டும். அரை மணி நேரம் தாமதித்து 7.35-க்கு வீட்டை விட்டால் அரை மணி நேரத் தாமதத்தோடு நிற்காது. கூட்டத்துக்கும் வண்டியைத் தவறவிடுவதற்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் போகும். மெட்ரோ நிர்வாகமே காலை 8 முதல் 11, மாலை 5 முதல் 8 என்றுதான் நெரிசல் நேரத்தைக் கணக்கிடுகிறது. உங்கள் வேலை, 8 மணிக்கு லோக்கலை விட்டு இறங்கியிருப்பது.

டிக்கெட்

லோக்கலில் 5 வயதுக்குக் கீழ் இலவசம். 5 முதல் 12-க்குள் அரை டிக்கெட். பையனுக்கு எடுத்தே ஆக வேண்டும். குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான், அதை மிச்சம்பிடிக்கப் போய் 250 ரூபாய் அபராதம் கட்டுவதில் அர்த்தமில்லை. உங்களுக்கு மாத சீசன் எடுத்துவிடுங்கள். காலையில் கவுன்டர் வரிசையில் நிற்பதுதான் பிள்ளைகளின் பொறுமையை முதலில் தின்பது. பையனின் டிக்கெட்டை ஆட்டோவில் வரும்போதே செல்போனில் எடுக்கலாம். ரயில் டிக்கெட் செயலி நடைமேடையில் நிற்கும்போது இருக்கும் இடத்தைக் கண்டு டிக்கெட் தர மறுக்கும். நிலையத்துக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். மறந்துவிட்டால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

மெட்ரோவில் வயதுக் கணக்கு கிடையாது, உயரக் கணக்குதான். 3 அடிக்குக் கீழ் உள்ள குழந்தை பெரியவரோடு இலவசமாக வரலாம். ஆறு வயதுப் பையன் அந்த உயரத்தை எப்போதோ தாண்டியிருப்பான், அவனுக்கு முழு டிக்கெட். இரண்டரை வயதுக் குழந்தை அந்தக் கோட்டின் அருகே இருக்கும். வீட்டிலேயே சுவரில் அளந்துவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தேய்க்க முடியாது, உள்ளே போன கார்டு வெளியே வரும்வரை அடுத்தவருக்குத் திறக்காது. உங்களுக்கு கார்டு, பையனுக்கு கியூஆர் டிக்கெட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேட்டில் முதலில் பையனின் கியூஆரைக் காட்டி அவனை அனுப்பி, தாண்டியதும் அங்கேயே திரும்பி நிற்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள். பெண் குழந்தை உங்கள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவந்தால் கதவு நடுவில் மூடும். ஓரத்தில் அகலமான கேட் ஒன்று இருக்கும், ஊழியரிடம் கேட்டால் திறந்துவிடுவார்.

2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் ஒரே கியூஆரில் டிக்கெட் எடுக்கலாம். தனியாகப் போகிற நாளில் அது வசதி. பிள்ளைகளோடு போகும்போது செல்போன் ஒன்று, நீட்ட வேண்டிய இடம் நான்கு, சும்மா இருக்கிற கை எதுவுமில்லை. சீசனும் கார்டும் கழுத்தில் தொங்கும் உறையில் இருப்பதே மேல்.

எந்தப் பெட்டி

லேடீஸ் பெட்டியில் 12 வயதுக்குட்பட்ட பையன் அம்மாவோடு போகலாம், யாராவது முணுமுணுத்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். கூட்ட நேரத்தில் லேடீஸ் பெட்டியும் நிரம்பித்தான் போகும். ஆனால் கைக்குழந்தைக்காரிக்கு இடம் கேட்டுக் கொடுக்கிற குரல் அங்கேதான் வரும். அப்பா தனியாகக் கூட்டிவரும் நாளில் இது கிடையாது. பெண் குழந்தை உடன் இருந்தாலும் ஆண் அந்தப் பெட்டியில் ஏறக்கூடாது. அந்த நாளில் பொதுப்பெட்டிகளில் பாலத்துக்குத் தூரமாக நிற்கும் பெட்டியைப் பிடியுங்கள். பாலத்தடியில் நிற்கிற பெட்டியில்தான் எல்லோரும் ஏறுவார்கள்.

முதல் வகுப்புப் பெட்டியும் உண்டு. கட்டணம் பல மடங்கு, கூட்டம் குறைவு. தினமும் கட்டுப்படியாகாது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், பையோடு கூட இன்னொரு மூட்டை இருக்கிற நாள், இப்படி வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி லோக்கல் ஓடுகிறது. கதவு தானாக மூடும், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். உங்கள் நேரத்துக்கு ஒன்று அமைந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அதைப் பிடியுங்கள். பிள்ளைகளோடு போகிறவருக்கு மூடிய கதவு ஏசியைவிடப் பெரிய சௌகரியம்.

ஏறுவதும் இறங்குவதும்

தாம்பரத்தில் காலி வண்டி நின்றுகொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. பீச் நிலையத்திலிருந்து வந்து, ஆட்களை இறக்கி, அப்படியே திரும்புகிற வண்டியில்தான் தள்ளுமுள்ளு. இறங்குகிறவர்கள் முடிவதற்குள் ஏறுகிறவர்கள் பாய்வார்கள். அந்த முதல் அரை நிமிடம் வாசலுக்கு நேராக நிற்காமல், பக்கவாட்டில் பெட்டிச் சுவரை ஒட்டி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பிறகு பையன் முன்னால், அவன் முதுகில் உங்கள் ஒரு கை, சின்னது உங்கள் மார்போடு. நீங்கள் முதலில் ஏறி அவனை மேலே இழுப்பது தவறு. அந்த நொடியில் பின்னாலிருந்து யாராவது இடையில் புகுந்தால் அவன் கீழேயே நிற்பான்.

பையனின் கையைப் பிடிக்கும்போது விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல்கள் கூட்டத்தில் நழுவும். அவனையும் உங்கள் மணிக்கட்டைப் பற்றச் சொல்லுங்கள். ஒருவர் பிடி விட்டாலும் இன்னொருவர் பிடி இருக்கும்.

வழியில் மூன்று இடங்களில் விரல் நசுங்கும். முதலாவது வாசல் கதவு. லோக்கலில் திறந்தே கிடக்கும் அந்த நகரும் கதவு, ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போது தானாக ஓடி மூடும். கதவு ஓடுகிற தடத்தில் குழந்தை கையை வைத்திருந்தால் அவ்வளவுதான். இரண்டாவது, ஜன்னல் ஷட்டர். கொக்கி சரியாக மாட்டாத ஷட்டர் ஆட்டத்தில் சடாரென்று விழும். ஏறி உட்கார்ந்ததும் அதை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலோரத்தில் நீங்கள் உட்காருங்கள். பையனுக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று தகராறு வரும். அதை மெட்ரோவில் கொடுக்கலாம். அங்கே கண்ணாடி திறக்காது, ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கோயம்பேடு வரை உயரத்தில் ஊரே தெரியும். மூன்றாவது, நகரும் படி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இறங்க எழுந்திருக்க வேண்டிய இடம் மீனம்பாக்கம். பரங்கிமலைக்கு முந்தைய நிலையமான பழவந்தாங்கலில் எழுந்தால் வாசலுக்கு வரவே நேரம் போய்விடும், லோக்கல் நிற்பது அரை நிமிடம்கூட இல்லை. எழுந்ததும் வாசலை நோக்கிப் போய், முன்னால் நிற்பவரிடம் "பரங்கிமலை இறங்குறீங்களா?" என்று கேளுங்கள். அவர் இறங்கவில்லை என்றால் அப்போதே உங்களுக்கு முன்னால் விடுவார். இறங்கும்போது நீங்களும் பையனும் அக்கம்பக்கமாக, ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளியை அவன் தானே தாண்டட்டும் என்று விடாமல், அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தாண்டவையுங்கள். இறங்கியதும் அங்கேயே நின்று பையைச் சரிசெய்யாதீர்கள். நான்கு அடி தள்ளிப் போய்த் தூண் ஓரத்தில் நின்று, இரண்டு தலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள்.

பரங்கிமலையில் லோக்கல் தரைமட்டத்தில், மெட்ரோ மேலே. லிஃப்ட் இருக்கிறது, அதற்கே போங்கள். வரிசை நீளமாக இருந்து நகரும் படியில்தான் போக வேண்டும் என்றால், சின்னதைத் தூக்கிக்கொண்டு, பையனைப் படியின் நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் இருக்கும் பிரஷ்ஷில் கால் உரசுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. கிராக்ஸ் மாதிரி மெத்தென்ற ரப்பர் செருப்பை அந்த இடுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு மாதத்துக்கு அந்தச் செருப்புக்கு விடுமுறை கொடுத்து, பின்வார் உள்ள சாண்டல் போடுங்கள். உங்கள் துப்பட்டாவும் முந்தானையும் இடுப்பில் செருகியிருக்க வேண்டும்.

மெட்ரோவில் தரைக்கடி நிலையங்களில் நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவு உண்டு. பரங்கிமலை போல உயரத்தில் இருக்கும் நிலையங்களில் அது கிடையாது, தண்டவாளம் திறந்தபடிதான் இருக்கும். ஏசி நிலையம் என்ற நினைப்பில் கையை விட்டுவிடுகிறவர்கள் பலர். திருமங்கலம் வந்ததும் எழுந்துகொள்ளுங்கள். அதற்குள் வண்டி தரைக்கடியில் போய்க்கொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது, அறிவிப்பைக் காதில் வாங்கினால்தான் உண்டு.

பிள்ளை தவறிவிட்டால்

இதை முன்னாலேயே பேசிவைப்பதுதான் முக்கியம், அதுவும் ஒரே விதியாக. நீ வண்டிக்குள், அம்மா வெளியே என்றால்: அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நில், அம்மா அடுத்த வண்டியில் வருவேன். நீ நடைமேடையில், அம்மா வண்டிக்குள் என்றால்: நின்ற இடத்தை விட்டு நகராதே. இரண்டிலும் அவன் தேடிப் போகக்கூடாது. ஆறு வயதுக்கு இது புரியும். தாம்பரத்தில் காத்திருக்கும்போது தினமும் ஒரு முறை அவன் வாயால் சொல்லவையுங்கள். ஓடுகிற வண்டியை நோக்கி ஓடக்கூடாது என்பதையும் சேர்த்து.

நீங்கள் அழைக்க வேண்டியது: லோக்கல் என்றால் 139, எங்கே இருந்தாலும் 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மெட்ரோ பெட்டிக்குள் ஓட்டுநரோடு பேசும் அவசர பொத்தான் உண்டு. கேட்கிற முதல் கேள்வி "என்ன சட்டை?" என்பதாக இருக்கும், பதற்றத்தில் நினைவுக்கு வராது. அதனால் காலையில் வீட்டை விட்டு வரும்போது இருவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கைபேசி எண்ணைப் பால்பாயின்ட் பேனாவால் முன்கையின் உட்பக்கம் எழுதுங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் அது கூட்டத்தில் சிக்கும், பெயரும் ஊருக்கே தெரியும்.

தூக்கும் வழியும் பையும்

தள்ளுவண்டி மெட்ரோவுக்கு நல்லது, லோக்கலுக்கு ஆகாது. பாலப்படியில் அதையும் குழந்தையையும் சேர்த்துத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். முன்பக்கம் கட்டும் குழந்தைப் பை எடுங்கள், இடுப்புப் பட்டை உள்ளதாக. இரண்டரை வயதுக்கு 11, 12 கிலோ இருக்கும். தோள்பட்டை மட்டும் தாங்காது. உட்கார்ந்ததும் பட்டையை அவிழ்த்து மடியில் விடுங்கள்; மே மாதச் சென்னையில் இரண்டு உடம்பின் சூடு ஒட்டிக்கிடந்தால் குழந்தை சிணுங்குவது பசியால் என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் மடங்கக்கூடாது.

பை முதுகில், 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். அண்ணா நகரில் பாட்டி வீடு இருக்கிறது, மாற்று உடையும் டயப்பரும் ஒரு செட் அங்கேயே கிடக்கட்டும். வழிக்கு வேண்டியது: முக்கால் லிட்டர் தண்ணீர், ஆளுக்கு ஒரு மாற்று உடை, 2 டயப்பர், ஈரத் துணி, ஒரு துண்டு, கெட்டிப் பிளாஸ்டிக் கவர் 3, ஒரு பாக்கெட் ஓஆர்எஸ். கவரை எளிதில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். வாந்தி வரும்போது ஜிப்பைத் திறக்க நேரம் இருக்காது.

சாப்பாடு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அரை வயிறு: இரண்டு சின்ன இட்லி போதும். வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினால் தாம்பரத்துக்குள் வெளியே வரும், வெறும் வயிறும் அதே வேலையைச் செய்யும். மெட்ரோவுக்குள் சாப்பிட அனுமதி இல்லை, மிச்சத்தைத் தாம்பரத்தில் முடித்துவிடுங்கள். பையனை வீட்டிலும், பரங்கிமலை மெட்ரோ நிலையத்தில் ஒருமுறையும் பாத்ரூம் அழைத்துப் போங்கள், "வரலை" என்று சொன்னாலும்.

பஸ்ஸும் டாக்ஸியும் ஏன் வேண்டாம்

ஜி.எஸ்.டி. சாலை, கத்திப்பாரா, நூறடிச் சாலை, வடபழனி, கோயம்பேடு என்று பஸ் வழி நேராகத்தான் இருக்கிறது. கூட்ட நேரத்தில் ஒன்றரை மணி நேரம் சாதாரணம், மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக எங்கெங்கே சாலையைத் திருப்பியிருக்கிறார்களோ அதைப் பொறுத்து இன்னும் ஏறும். நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது நிற்பது. பஸ்ஸில் குழந்தைக்கு அடிபடுவது பெரும்பாலும் மோதலில் அல்ல, சடன் பிரேக்கில்: இடுப்பில் குழந்தையோடு ஒரு கையால் கம்பி பிடித்து நிற்கிறவர் முன்னால் சாய, குழந்தையின் தலை கம்பியில் இடிக்கும். இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள், அல்லது இடதுபக்க மகளிர் இருக்கையில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் எழுந்துகொள்வார்கள். நடுவில் உட்காருங்கள், பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் உள்ள சீட்டில் குலுக்கல் அதிகம், குமட்டும்.

ரயில் நின்றுபோகிற நாளுக்காக விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் (முகப்பில் பிங்க் பூசியது) பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை, கண்டக்டர் தரும் டிக்கெட்டை மட்டும் வாங்கி வைத்திருக்க வேண்டும். டீலக்ஸ், ஏசிக்கு இது பொருந்தாது. 5 வயது வரை குழந்தைகளுக்கு எல்லா அரசு பஸ்ஸிலும் இலவசம், 2022-ல் 3 வயதிலிருந்து உயர்த்தப்பட்டது. பையனுக்கு அரை டிக்கெட். தாழ்தள பஸ் வந்தால் அதில் ஏறுங்கள். படியே இல்லாததால் குழந்தைப் பையோடு ஏற அதுதான் லேசு.

டாக்ஸி 30 கி.மீ.க்குக் கூட்ட நேரக் கட்டணத்தில் எவ்வளவு வரும் என்பது உங்களுக்கே தெரியும். காசு பரவாயில்லை என்கிற நாளிலும் பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில்தான், பையனுக்கு பெல்ட் போட்டு. உங்கள் பெல்ட்டுக்குள் சின்னதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். வண்டி மோதினால் உங்கள் எடை முழுக்க அதன் மேல் இறங்கும். 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட் இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது, வாடகை வண்டிகளில் குழந்தை இருக்கை மட்டும் இருப்பதில்லை. ஆட்டோவில் பிள்ளைகள் நடுவில், நீங்கள் திறந்த பக்கத்தில்.

எழும்பூர் வரை லோக்கலில் போய் அங்கே பச்சை வழித்தடத்தில் ஏறித் திரும்பி வருவதும் ஒரு வழி. மெட்ரோவில் ஆறே நிலையம். காலையில் எதிர்த்திசை என்பதால் கூட்டமும் குறைவு. ஆனால் லோக்கலில் கிண்டி, மாம்பலம் நெரிசலை முழுக்கத் தாண்டி, எழும்பூரில் நடைப்பாலம் ஏறி நடக்க வேண்டும். பரங்கிமலையில் மெட்ரோ கோளாறு என்று அறிவிப்பு கேட்டால் மட்டும், இறங்காமல் இதை எடுங்கள். கிண்டியில் மாறலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நீல வழித்தடம், ஆலந்தூரில் இன்னொரு மாற்றம் வரும்.

மாலை

இதுதான் கடினம், ஏனென்றால் காலையில் கிடைத்த வசதி பாதி போய்விடும். அண்ணா நகர் டவரில் ஏறும்போது மெட்ரோ சென்ட்ரலிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டுதான் வரும். கோயம்பேட்டில், வடபழனியில் கொஞ்சம் இறங்குவார்கள், ஆலந்தூரில் பெருங்கூட்டம் இறங்கும். அது பரவாயில்லை. பரங்கிமலையில் வரும் லோக்கல் பீச்சிலிருந்து மாம்பலம், கிண்டி எல்லாம் அப்பிக்கொண்டு வந்திருக்கும்.

செய்யக்கூடியது இவ்வளவு. முதலில், செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திராமல் தாம்பரத்தோடு நிற்கிற வண்டியில் ஏறுங்கள். கூடுவாஞ்சேரிக்காரர்கள், மறைமலை நகர்க்காரர்கள் அதில் இருக்க மாட்டார்கள், கூட்டம் ஒரு படி குறைவு, கடைசி நிலையம் என்பதால் எல்லோரும் இறங்கிய பிறகு நிதானமாக இறங்கலாம். அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ. வேக வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது, அறிவிப்பைக் கேட்டு ஏறுங்கள். வாசலில் ஆள் தொங்குகிற வண்டி வந்தால் இரண்டு வண்டி விடத் தயாராக இருங்கள். தொங்குகிற வண்டிக்குப் பின்னாலேயே வருவது பெரும்பாலும் சற்றுக் காலியாக இருக்கும், நிலையங்களில் நின்ற கூட்டத்தை முன்னால் போனது அள்ளிவிடுவதால்.

பாட்டி வீட்டிலேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டு 8 மணிக்குக் கிளம்ப முடிந்தால் அதுவே நல்லது. 5.45-க்குக் கிளம்பி 7.45-க்கு வதங்கிப் போய் வருவதற்கும், 8 மணிக்குக் கிளம்பி 9.30-க்குத் தூங்கும் பிள்ளையோடு வருவதற்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மறுநாள் காலை 6 மணிக்கு எழுப்ப வேண்டியதை வைத்து முடிவாகும். வாரத்தில் இரண்டு நாள் அப்படி, மற்ற நாள் இப்படி என்று கலந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் கண்டிப்பாக 8-க்கு மேல்தான்: ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு தாம்பரத்துக்கும், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கும் இதே லோக்கலில்தான் வருவார்கள்.

சின்னது தூங்கிவிட்டால் பரங்கிமலையில் எழுப்பி நடக்கவைக்கப் பார்க்காதீர்கள். பட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு, லிஃப்டில் இறங்கி, முதுகுப்பையைப் பையன் மாட்டிக்கொள்ளட்டும். காலையில் 3 கிலோ இருந்தது, தண்ணீரும் டயப்பரும் போன பிறகு அவன் தூக்குகிற கனம்தான் இருக்கும்.